கடலுக்குக் கணக்கெழுதுபவர் யார்?

வாடைக்காலத்து ஒரு காலைப் பொழுதில் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் நாம் நின்றிருந்தோம். கரைவலை ஏறிக்கொண்டிருந்தது. வலையின் மடி மணலைத் தொட்டதும், இளம் அலுவலர் ஒருவர் அளவுகோலும் குறிப்பேடுமாக வந்து, பிடிபட்ட மீன்களில் சிலவற்றை எடுத்து நீளம் பார்த்து எழுதத் தொடங்கினார். நல்ல பிள்ளை, படித்ததைச் செம்மையாகச் செய்கிறார் என்பது அவர் கைகளிலேயே தெரிந்தது. வலை இழுத்துக் களைத்து உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் அவரைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, மீனை அளக்கிறியள், சரி. எங்கட கடனை ஆர் அளக்கிறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். ஆனால் கேள்வி சிரிப்போடு முடிந்துவிடவில்லை. அது நம்முடன் கரையிலிருந்து வீடுவரை வந்தது; இந்தக் கட்டுரைக்கும் அதுவே காரணம்.

கடல் வளத்தைக் காக்கவும், கடற்றொழிலின் பொருளாதாரத்தை ஆராயவும் நிபுணர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. ஐஸ்லாந்தில் 1998 முதல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரால் தொடங்கி நடந்துவரும் கடற்றொழில் பயிற்சித் திட்டத்துக்கு வளர்முக நாடுகளின் அலுவலர்கள் சென்று கற்றுத் திரும்புகிறார்கள், இலங்கையரும் சென்றிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய 'நாரா' என்னும் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கென ஒரு பீடம் உண்டு. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமுத்திரப் பல்கலைக்கழகமும் எழுந்தது. நிபுணர் வேண்டுமா என்பது நம் கேள்வியன்று. அந்த நிபுணர் யாருக்காகக் கணக்கெழுதுகிறார், யாருடைய இழப்பை அவர் கணக்கில் சேர்க்கிறார் என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வி மன்னாருக்குப் புதிதன்று. கடல் வளத்தை அளந்து, மதிப்பிட்டு, எப்போது எடுப்பது எப்போது விடுவது என்று முடிவு செய்யும் கலை இக்கரையில் நீண்ட காலம் நடந்திருக்கிறது. சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே கிடக்கும் முத்துப் பார்களை ஆண்டுதோறும் சோதிப்பார்கள். குளியாளர் இறங்கி மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பாளர் விலை கட்டுவர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று கண்டு, சிப்பி முற்றியிருந்தால் மட்டுமே சலாபம் கூறப்படும். இல்லையேல் பார் அடுத்த ஆண்டுக்கு விடப்படும். இன்றைய பாடநூல்கள் 'இருப்பு மதிப்பீடு' என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தக் கணக்கு யாருடைய கணக்கு? ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில், குளியாளர் மூச்சடக்கிக் கொண்டுவந்த சிப்பி 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் எண்ணிக் குவிக்கப்பட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. ஒரு பங்கே குளித்தவர்க்கு. 1906 ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்த லெனார்ட் ஊல்ஃப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அக்காட்சியை எழுதியிருக்கிறார். அரிப்பில் ஆளுநர் நோர்த்துக்காகக் கட்டப்பட்ட மாளிகை சலாபத்தைக் கண்காணிப்பதற்காகவே எழுந்தது. கருவூலத்தின் கண் கடலின்மேல் எப்போதும் இருந்தது. சுறாவிடமிருந்து காக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டியை நம்பியே குளியாளர் கடலில் குதித்தார்கள். அவர்களுடைய உயிருக்கு வேறு காப்பு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

1902 இல் பிரித்தானிய அறிஞர் ஹெர்ட்மன் பார்களை ஆராய வந்தார். அவருடன் வந்த ஹார்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை அவர்களுடைய அறிக்கை ஐந்து பகுதிகளாக இலண்டன் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. மன்னார்க் கடலைப் பற்றி அதுவரை அத்துணை விரிவான ஆய்வு நடந்ததில்லை. பெரியபாரில் இளஞ்சிப்பிகள் பெருந்தொகையாகத் தோன்றித் தென்மேற்குப் பருவக் கடலால் அழிகின்றன. அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு எடுத்து வளர்க்கலாம் என்றனர். அறிவியல் தன் கடமையைச் செய்தது. அடுத்து நடந்தது என்ன? 1905 இன் பெருஞ்சலாபம் ஈட்டிய வருவாயின் மயக்கத்தில், 1906 முதல் இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின் பார்கள் பொய்த்தன. கம்பனி தன் குத்தகைக் காலத்தின் முடிவைக் காணாமலே மறைந்தது. இயற்கையின் மாறுதல் எவ்வளவு, அளவுமீறிய எடுப்பு எவ்வளவு என்று இன்றும் விவாதிக்கலாம். சிறந்த ஆய்வு கையில் இருந்தும், அதை யார் எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவு ஆய்வாளரிடமும் இல்லை, குளியாளரிடமும் இல்லை என்பதில் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். 1954 இல் கனடிய அறிஞர் ஸ்காட் கோர்டன் ஓர் எளிய உண்மையை நிறுவினார். கடல் யாவர்க்கும் திறந்திருந்தால், இலாபம் உள்ளவரை புதுப் படகுகள் வந்துகொண்டேயிருக்கும். கடைசியில் எல்லோருடைய இலாபமும் கரைந்து, மீனும் குறைந்து, உழைப்பு மட்டும் மிஞ்சும். மீனவர் ஏழையாயிருப்பது அவருடைய சோம்பலாலோ அறியாமையாலோ அன்று, தொழிலின் அமைப்பால் என்று காட்டியது அவருடைய பெருமை. ஆனால் இதிலிருந்து பலர் இரண்டே வழிகளைக் கண்டார்கள்: ஒன்று, கடலை அரசு கட்டியாள வேண்டும்; அல்லது தனியுடைமையாக்க வேண்டும். மன்னார் இரண்டையும் கண்டிருக்கிறது. அரசு வைத்திருந்தபோது குளியாளர் கூலியாளராயிருந்தார். கம்பனி வைத்திருந்தபோதும் அவ்வாறே இருந்தார்.

1973 இல் கொலின் கிளார்க் என்னும் கணித அறிஞர் இன்னும் கசப்பான ஒன்றைச் சொன்னார். ஓர் உயிரினம் வளரும் வேகத்தைவிடப் பணத்துக்கான வட்டி வேகமாக வளருமானால், அந்த உயிரினத்தை முற்றும் பிடித்து விற்று, பணத்தை வட்டிக்கு விடுவதே தனி உடைமையாளனுக்கு இலாபமாகக் கூடும். அதாவது, கடலைத் தனியுடைமையாக்கினால் அது காக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. மெதுவாக வளரும் திமிங்கிலத்துக்கு இது பொருந்தும், கடலட்டைக்கும் பொருந்தும்.

இங்கேதான் தாழ்வுபாட்டு முதியவரின் கேள்வி திரும்பி வருகிறது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவன் வட்டியும் கட்ட வேண்டும், பிடித்ததை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கவும் வேண்டும். அவனைப் பார்த்து, 'சிறு மீனை விடு, வளர்ந்தபின் பிடி' என்றால், அவன் மறுப்பது பேராசையாலன்று. மீன் வளரக் காத்திருக்கும், கடன் காத்திராது. கிளார்க்கின் கணக்கில் முதலாளிக்குள்ள வட்டியைவிடக் கொடிய வட்டி இந்த ஏழையின் தலைமேல் இருக்கிறது. எனவே மீனின் நீளத்தை மட்டும் அளந்து கடனை அளக்காத நிபுணர், பாதிக் கணக்கையே எழுதுகிறார். கூட்டுறவுக் கடன் ஒழுங்காகக் கிடைக்கும் ஊரில் வலைக்கண்ணின் அளவைப் பற்றிப் பேச்சு எளிது. கடனில் மூழ்கிய ஊரில் அதே சட்டம் கொடுமை. சென்னை மாகாணத்தில் கடற்றொழில் நிருவாகத்துக்கு அடிகோலிய பிரடெரிக் நிக்கல்சன், அதற்கு முன்பே கிராமக் கடனைப் பற்றி ஆராய்ந்து கூட்டுறவுக்கு வழிகாட்டியவர் என்பதை இங்கே நினைவு கூரலாம். மீனும் கடனும் ஒரே மனிதருடைய கவலையாக இருந்த காலமும் உண்டு.

அவ்வாறாயின், எல்லாவற்றையும் ஊராரிடமே விட்டுவிடலாமா? எலினோர் ஒஸ்ட்ரோம் 1990 இல் வெளியிட்ட நூலில், பொதுவளத்தை அரசோ தனியாரோ இன்றி ஊரே விதி வகுத்துக் காத்த பல இடங்களைக் காட்டினார். 2009 இல் நோபெல் பரிசும் பெற்றார். அந்நூலிலேயே இலங்கைத் தென்கரையின் மாவெல்லைக் கிராமமும் வருகிறது. ஆனால் தோல்வியின் எடுத்துக்காட்டாக. அங்கே கரைவலைக்கு முறை வைத்து இழுக்கும் அழகிய ஒழுங்கு இருந்தது. மீனின் விலை ஏறியபோது வலைகள் பெருகின. வலைகளின் தொகைக்கு வரம்பு சட்டத்தில் இருந்தும், செல்வாக்குள்ளவர்கள் அரசியல்வாதிகளை அணுகி அது நடைமுறைக்கு வராதபடி செய்துகொண்டனர். ஊர் என்பது ஒரே மனமுள்ள குடும்பமன்று. அதற்குள்ளும் வலியவர் உண்டு, எளியவர் உண்டு. நம் கரையிலும் தங்கூசி வலையும் வெடியும் வெளியூரார் மட்டும் கொண்டுவந்தவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படத் தேவையில்லை, மறைத்தால்தான் வெட்கம்.

நிபுணரை மட்டுமே நம்பியதன் விளைவையும் உலகம் கண்டுவிட்டது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீனின் இருப்பை அரசு அறிஞர்கள் பல ஆண்டுகள் மிகையாக மதிப்பிட்டனர். பெருங்கப்பல்கள் மீன் திரளும் இடத்தையே தேடிப்பிடித்ததால் அவற்றின் பிடிப்புக் குறையவில்லை. அந்தக் கணக்கு மதிப்பீட்டைக் கெடுத்தது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்கள் சொல்லுக்கு அட்டவணையில் இடமில்லை. 1992 இல் அத்தொழில் மூடப்பட்டது; ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். காற்றையும் நீவாட்டையும் பார்த்து வலை வைக்கும் மன்னார் மீனவனுடைய அறிவும் இத்தகைய அறிவே. அதை எழுதிக்கொள்ளத் தெரியாத படிப்பு, எவ்வளவு உயர்ந்த படிப்பாயினும், குறைபட்ட படிப்பு.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வகுத்தன. போர்க்காலத்தில் வடகரை மீனவர் தடைகளால் கரையில் அடைபட்டிருந்தபோது, தமிழகத்தின் இழுவைப்படகுகள் இக்கடலில் பழகிவிட்டன. 2009 க்குப் பின் நம்மவர் கடலுக்குத் திரும்பியபோது, இழுவைப்படகு வரும் இரவுகளில் வலையைக் கரையிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. வைத்தால் வலை அறுந்து போகும். அடிமடி இழுவை கடற்புல்லையும் குஞ்சு மீனையும் சேர்த்து வாரும். 2017 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கைக் கடலில் அதைத் தடை செய்தது. சட்டம் நீதியானதே என்பது நம் துணிபு.

ஆனால் அந்தப் படகுகளில் வலை இழுப்பவனும் தமிழ் பேசும் கூலித் தொழிலாளியே. 1950 களில் கேரளத்தில் நோர்வேயின் உதவியோடு தொடங்கிய இயந்திரமயமாக்கமும், இறால் ஏற்றுமதியின் ஆசையும், அரசுகளின் மானியமும் சேர்ந்தே இந்தியக் கரைகளில் இழுவைத் தொழிலைப் பெருக்கின. அதைத் திட்டமிட்டவர்களும் பயிற்சி பெற்ற நிபுணர்களே. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். உற்பத்தியைக் கணக்கிட்டார்கள், விளைவைக் கணக்கிடவில்லை. 2017 இல் இழுவைப்படகை ஆழ்கடற் படகாக மாற்றும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. எதிர்பார்த்த அளவு அது நிறைவேறவில்லை. படகின் முதலாளிக்கு மாற்றுப் படகு பேசப்பட்டது. கூலியாளுக்கு மாற்று வாழ்வு எந்த அளவு பேசப்பட்டது?

இவற்றிலிருந்து நாம் அடையும் முடிவு இது. பிறவாத தலைமுறைக்காகக் கடலைக் காக்க வேண்டும் என்பது உண்மையான அறம். ஆயினும் அந்த அறத்தின் விலையை இன்று யார் கொடுப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டால், அது அறத்தின் பெயரால் நடக்கும் அநீதியாகும். அடக்கம் முதலில் வலியவனிடம் கேட்கப்பட வேண்டும்: பெருமுதலுடையவனிடம், அழிவுக் கருவியுடையவனிடம், விடத்தல்தீவுபோல் காப்பிடமென அறிவித்த நிலத்தையும் நீரையும் இறால் பண்ணைக்குப் பிரித்துக் கேட்பவனிடம். எளியவனிடம் கேட்கும்போது, அவன் காத்திருக்கும் காலத்துக்கு உணவும் கடன் தணிவும் உடன் வர வேண்டும். தமிழகத்தில் இழுவைப்படகுகளுக்குரிய 61 நாள் தடைக்காலத்தில் வேலையிழப்போர்க்கு அரசு நிவாரணம் தருகிறது. தொகை போதுமா என்பது வேறு, கொள்கை சரியானது.

'அறிவியல் நடுநிலையானது, நிபுணரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காதீர்கள்' என்று சிலர் கூறக்கூடும். அளவுகோல் நடுநிலையானதுதான். மீனின் நீளம் முதலாளி அளந்தாலும் தொழிலாளி அளந்தாலும் ஒன்றே. ஆனால் எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்பதில் நடுநிலை இல்லை. கருவாடு காயவைக்கும் பெண்ணின் உழைப்பு எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது? 1990 இல் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய முஸ்லிம் மீனவனின் கடலுரிமை எந்தப் பத்தியில் வருகிறது? பத்தியே இல்லாத இடத்தில் பூச்சியம்கூட எழுதப்படுவதில்லை.

ஆகவே நம் பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பவை அரியவை அல்ல. கடற்றொழிற் பொருளாதாரம் படிக்கும் மாணவர் ஒரு பருவமேனும் கரையில் தங்கி, ஒரு வீட்டின் வரவு செலவைக் கடனோடு எழுதிப் பார்க்கட்டும். பாடநூல்கள் தமிழிலும் வரட்டும். ஆய்வின் முடிவு ஆங்கில இதழுக்குப் போகுமுன், அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டு, அவர்களுடைய மறுப்பும் அதனுடன் சேர்க்கப்படட்டும். 1996 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கும் முகாமைப் பகுதிக் குழுக்களில் கூலியாளரும் பெண்களும் அமரட்டும். பாக்கு நீரிணையின் இரு கரை மாணவரும் சிறிது காலமேனும் ஒன்றாகப் படிக்கட்டும். மீன் எல்லைக்கோட்டைப் படித்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வலை இழுப்பவன் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் உட்காரட்டும்.

அரிப்பில் ஆளுநரின் மாளிகை இன்று இடிந்து, கடலரிப்பால் துண்டு துண்டாகச் சரிந்துகொண்டிருக்கிறது. கணக்கு எழுதிய கைகள் போயின. பேரேடுகள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கரையில் இருப்பவர்கள் வலை இழுக்கிறவர்கள். அந்த இளம் அலுவலர் மறுநாளும் அளவுகோலுடன் வருவார், வரட்டும். அவருடைய குறிப்பேட்டில் மீனின் நீளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைக் கோடிட்டுக் கொடுப்பது அவருக்குக் கற்பிப்பவர்களின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.