யாத்திரிகனும் தரகும்

வழி கேட்டு வந்தவனுக்கு வழி காட்டுவது தர்மம் என்பதில் எந்தச் சமயத்துக்கும் ஆக்ஷேபம் இல்லை. ஆனால் அவன் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரனிடம் வழிகாட்டியவன் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டால் அது தர்மமாகவே நிற்குமா, வெறும் வாணிகமாகிவிடுமா என்ற கேள்வி, சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இன்று அன்றாடக் கேள்வியாகிவிட்டது. நல்லதண்ணியில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிற ஒருவர் அவற்றை புக்கிங் டாட் கொம்மில் பதிந்து வைக்கிறார். ஹட்டன் புகையிரத நிலையத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் அவருக்கு விருந்தாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார். இணையத்தில் தேயிலை விற்கும் இளைஞர் அந்த அறைகளைத் தம் வாடிக்கையாளருக்குச் சிபாரிசு செய்ய, அறைக்காரர் அந்தத் தேயிலையைத் தம் விருந்தாளிக்குக் கொடுத்துப் பழக்குகிறார். தனியே விளம்பரம் செய்யப் பொருளில்லாத சிறியவர்கள் ஒருவருக்கொருவர் ஆளனுப்பிப் பிழைக்கும் இந்த ஏற்பாட்டை இழிவென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாதென்று கண்ட பிள்ளைகள் தேடிக்கொண்ட ஜீவனோபாயம் அது.

அன்றியும், அந்த மலை யாத்திரிகரைப் பெற்றதே பலர் கூடிச் செய்த முயற்சியால்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு அயலான அம்பகமுவையில், 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டு ஒன்று உண்டு; அம்மலையுச்சியிலுள்ள ஸ்ரீபாதத்தை வணங்கச் செல்வோரின் உணவுக்காக நிலங்கள் மானியமாக விடப்பட்ட செய்தியை அது சொல்லுகிறது. தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்டோர் நின்று வணங்கக் கீழே வேறொரு மேடை அமைத்ததையும் அதே கல் கூசாமல் சொல்லுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. எல்லோரையும் வருவித்த கையே அவர்களை மேலும் கீழுமாகப் பிரித்தும் வைத்தது. 1344ஆம் ஆண்டில் இபின் பதூதா அதே அடிச்சுவட்டை ஆதமின் பாதமாகத் தரிசிக்க விரும்பியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் முத்துக்களும் தந்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணையாக அனுப்பிவைத்தான். சைவ மன்னன் ஒரு முஸ்லிம் பிரயாணியை, பௌத்தர் புத்தருடையதென்று போற்றும் அடிச்சுவட்டுக்கு வழியனுப்பிய அந்தச் செயலில் எந்தச் சமயமும் எதையும் இழந்துவிடவில்லை.

எனவே கூட்டுறவில் தோஷமில்லை. தோஷம் புகுமிடம் வேறு. பௌத்த உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிகங்களை அங்குத்தர நிகாயம் எண்ணிச் சொல்லும்போது ஆயுதம், மாமிசம், மது, விஷம் ஆகியவற்றோடு உயிர்களை விற்பதையும் சேர்த்திருக்கிறது. அடிமை வாணிகத்தோடு ஆட்டோக்காரரின் தரகை ஒப்பிடுவது அநியாயமாகும். ஆயினும், ஓர் இணையப் பக்கத்தைப் பார்த்த முகங்களைத் தலைக்கு இவ்வளவென்று எண்ணி ஒருவர் மற்றொருவருக்குக் கைமாற்றி, வந்தவர் எதைத் தேடி வந்தார் என்பதை இருவருமே கேளாதிருக்கும் இடத்தில், அந்த விலக்கின் நிழல் சற்றே விழத்தான் செய்கிறது.

நோட்டன் பிரிட்ஜில் நிற்பவருக்கு இது எளிதில் விளங்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் இங்குள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டன் குளத்தில் விழுகிறது. விழுந்த நீரே மறுபடி குழாயில் புகுந்து, 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான நிலையத்தையும் சுழற்றுகிறது. ஒரே நீர் இரண்டு நிலையங்களுக்கு உழைத்தும் அதில் ஒரு துளி குறைவதில்லை. வாணிபத்தார் வருகையாளரைப் பற்றிப் பேசுவது இப்படித்தான். ஓரிடத்துக்கு வந்தவரை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிட்டால் இருவருக்கும் இலாபம் என்பர். ஆனால் நீரைத் திருப்ப அதன் சம்மதம் வேண்டியதில்லை. மனிதனைத் திருப்ப வேண்டும். அவன் களைப்படைகிறான், ஏமாறுகிறான், நம்பி வந்ததை எண்ணி இரவில் விழித்திருக்கிறான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே: தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை வந்தவரின் முகத்துக்கு நேரே அவர்களால் சொல்ல முடியுமா? வணிகருக்குரிய ஒழுக்கத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்ததும் காரணமின்றி இராது. "இந்த அறைக்கு உங்களை அழைத்துச் சென்றால் எனக்குச் சிறிது கிடைக்கும் ஐயா, ஆனாலும் அறை சுத்தமானதுதான்" என்று ஆட்டோக்காரர் சொல்லிவிட்டால் அந்தத் தரகில் பழியில்லை என்பது என் அபிப்பிராயம். தாம் ஒரு நாளும் படுத்தறியாத அறையைப் புகழ்ந்தெழுதும் இளைஞருக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை இல்லை.

இதைவிடக் கடினமான பரீட்சையை மழை வைக்கிறது. யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. பின்னர் படிவழி விளக்குகள் எரிவதில்லை, இலவச உணவளிக்கும் தன்சல்களும் இல்லை, தேநீர்க் கடைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும், தென்மேல் பருவக்காற்று சிகரத்தை மேகத்தால் மூடிவிடும். இருந்தும் ஜூலை மாதத்தில் சூரியோதயம் காணும் ஆசையோடு வெளிநாட்டார் ஹட்டனில் வந்திறங்குகிறார்கள். "இப்போது போகவேண்டாம்" என்று அறைக்காரர் மட்டும் எழுதினால் ஆட்டோக்காரரின் கூலி போகும். ஆட்டோக்காரர் மட்டும் சொன்னால் அறைக்காரரோடு உறவு முறியும். இலாபத்தைப் பங்கிட இசைந்தவர்கள் நஷ்டத்தையும் முன்னதாகவே பங்கிட இசைந்திருந்தாலன்றி அந்த உண்மையைச் சொல்ல ஆளிராது. இவ்வூர்ப் பக்கத்து ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நடப்பவை. நூற்றுக்கு எவ்வளவு என்பது அவற்றில் திட்டமாகப் பேசப்படுகிறது, ஜூலை மாதத்து மழையைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை.