திருப்பித் தர முடியாதது

பெண்டில்ஹில் வீட்டை விற்று, வங்கிக் கடனை அடைத்து, மிச்சத்தைப் பங்கிடவேண்டும் என்று, பிரிந்த கணவருடனான சொத்து வழக்கில் இறுதிக் கட்டளை வந்துவிட்டது. 28 நாள் தவணைக்குள் மேன்முறையீடும் போட்டாயிற்று. ஆனால் அவுஸ்திரேலியாவில் மேன்முறையீடு போட்டதற்காகக் கட்டளை நின்றுவிடாது. "அன்ரி, விற்பனை தன்பாட்டிலை நடக்கும். ஸ்டே வேணுமெண்டால் தனியக் கேக்கோணும், அதுவும் தீர்ப்புச் சொன்ன நீதிபதியிட்டையே" என்றாள் என் சட்டத்தரணி.

கட்டளையை நிறுத்திவைக்கும் அந்த ஸ்டேயைக் கேட்கலாமா என்ற யோசனை என்னைச் சாமியறை வரைக்கும் துரத்தியது. நான் சைவக்காரி, பற்றை அறு என்று கேட்டே வளர்ந்தவள். மேய்ஸ்ஹில் முருகன் கோயிலில் கண்ட பெரியவர் ஒருவரும் "விட்டிடு பிள்ளை, மண்ணும் வீடும் கூட வாறேல்லை" என்றார். வாஞ்சையோடுதான் சொன்னார். ஆனாலும் இந்த அறிவுரை எங்கள் ஆட்களுக்குள் பெரும்பாலும் பெண்ணின் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் வருகிறது.

அந்த வீட்டின் முதல் கட்டுக்காசு, அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த கோண்டாவில் வளவை விற்ற காசு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம், சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று வகுத்திருந்தது. இங்கே 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தில் அந்த வகைகள் கிடையாது. கொண்டுவந்தது, உழைத்தது, சமைத்தது, பிள்ளை வளர்த்தது, இனி யாருக்கு என்ன தேவை என்பது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுக்கிறார்கள். அதை நான் பழிக்கமாட்டேன். அடுப்படி வேலையையும் பங்களிப்பாக எண்ணுகிற சட்டம் என் அம்மாவுக்கு வாய்க்கவில்லை. தொடக்கத்தில் நான் கொண்டுவந்ததற்குப் போதிய நிறை தரவில்லை என்பது மட்டுமே என் முறையீடு.

அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, கூடியவரையில் இருவருக்கும் இடையிலான பணத்தொடர்பை முற்றாக முடித்துவைக்கும்படி நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. பற்றறுப்பதற்கு இவ்வளவு கிட்ட வரும் சட்டப் பிரிவை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் முடியத்தான் வேண்டும். பிறகு, முடிவைத் தள்ளிவைக்கச் சொல்லி நானே எப்படிக் கேட்பது?

பெரியபுராணம்தான் எனக்குக் கைகொடுத்தது. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழ அந்தணர் அடிமை ஓலையோடு வந்து நிற்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபையார் அப்போதும் அவசரப்படவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை எடுப்பித்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான். உடைமை எதுவும் வேண்டாத அவரே, ஓலையைக் காட்டி, எழுத்துச் சரிபார்க்கப்படும் வரைக்கும் மனிதர் சபையில் வழக்காளியாக நின்றார். உரிமையைச் சோதித்துப் பார்க்கக் கேட்பது பற்றாகுமென்றால் அந்தக் கதையை நாங்கள் பக்தியோடு படிக்க இயலாது.

ஆனால் எதை நிறுத்தக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஸ்டே கேட்கிறவரிடம் நீதிமன்றம், தீர்ப்புச் சரியென்று வைத்துக்கொண்டே பேசத் தொடங்குகிறது. வென்றவர் அதன் பலனை அனுபவிக்க உரித்துள்ளவர். முறையீட்டில் வாதிட இடமிருக்கிறதா, நிறுத்தாவிட்டால் பின்னர் வென்றும் பயனில்லாமல் போகுமா, யாருக்கு இடர் கூட என்று பார்ப்பார்கள். முறையீடு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதா என்றும் பார்ப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைச் சாமி படத்துக்கு முன்னாலும் கேட்டுப் பார்த்தேன். பிரிந்த கணவரைக் காக்கவைத்துப் பார்க்கும் ஆசை இதில் துளியாவது இருக்கிறதா? அந்த ஆசை நுழையக்கூடிய இடங்களையெல்லாம் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

வீடு அந்நியர் கைக்குப் போனால், நான் வென்றாலும் திரும்ப வராது. காசு அப்படியில்லை, கணக்குப் பார்த்துத் திருப்பலாம். எனவே விற்பனையை மட்டும் நிறுத்தக் கேட்கிறோம். என் சூப்பர் ஓய்வூதிய நிதியிலிருந்து அவருக்குப் பிரியவேண்டிய பங்கு பிரியட்டும். முறையீட்டுத் தீர்ப்பு வரும்வரை வீட்டுக்கடன் தவணை, கவுன்சில் வரி, காப்புறுதி எல்லாம் என் பொறுப்பு. மேன்முறையீட்டை இழுத்தடிக்கமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

சத்தியக்கடதாசியை நூலகத்தில் இருந்த சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். கடவுள் மேல் சத்தியமா, வெறும் உறுதிமொழியா என்று கேட்டார். கடவுள் மேல் என்றேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நானும் அவரும் மாறி மாறிக் கையெழுத்து வைத்தோம்.

அதில் ஒரு பந்தியைச் சட்டத்தரணி கடைசிவரை எதிர்த்தாள். விற்பனை தள்ளிப்போகும் காலத்துக்கு, அவர் கொடுக்கிற வாடகையில் ஒரு பங்கை நான் தருவேன் என்கிற பந்தி அது. "அன்ரி, அவை கேக்கவேயில்லை. நாங்களா ஏன் குடுப்பான்?" என்றாள். காத்திருக்கச் சொல்லிக் கேட்பது நான், காத்திருக்கப்போவது அவர் என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் தொகையை மட்டும் திரும்ப ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டாள்.