வானத்துச் செய்தியும் நம் ஈமானும்



ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பாலப் பருவத்திலேயே மதீனாவில் மறைந்தார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணமும் ஏற்பட்டது. நபி மகனாரின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு அது ஆறுதலான பேச்சுத்தான். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களைத் தொழ வைத்துவிட்டு, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான பேச்சாயினும், உண்மையல்லாததை அவர்கள் ஏற்கவில்லை.

இந்த முன்மாதிரியை நாம் இன்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பர் 25-இல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்டது. ஒளி நம்மை வந்தடையக் காலம் பிடிப்பதால், வெகு தொலைவைப் பார்ப்பது வெகு பழங்காலத்தைப் பார்ப்பதாகும். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது தோன்றி 50 முதல் 70 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், மிகப் பெரிய விண்மீன் மண்டலங்கள் ஆறு இருந்ததாகத் தெரிகிறது என்று 2023 பிப்ரவரியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றுள் ஒன்றின் எடை பத்தாயிரம் கோடி சூரியன்களுக்கு நிகராகலாம் என்றனர். அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனை வாயு திரண்டு விண்மீன்களானது எப்படி? வழக்கமான கணக்குக்குள் இது அடங்கவில்லை.

உடனே, "பெருவெடிப்புக் கொள்கை தகர்ந்தது, விஞ்ஞானம் தோற்றது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அதே பெருவெடிப்பைத் திருமறைக்குச் சான்றாக மேடைகளில் முழங்கியவர்களும் நம்மில் உண்டு. இரண்டுமே அவசரம்.

அந்த ஆறையும் இன்னும் உறுதிப்படுத்த வேண்டும் என்றே அந்த ஆய்வாளர்கள் கூறியிருந்தனர். அவற்றுள் ஒன்று, முதலில் எண்ணியதைவிட அருகில் இருப்பது பிறகு தெரிந்தது. 2024-இல் வந்த மற்றோர் ஆய்வு, அக்கால மண்டலங்கள் சிலவற்றில் கருந்துளையை நோக்கி விழும் வாயுவின் வெளிச்சமும் விண்மீன்களின் வெளிச்சமாகக் கணக்கிடப்பட்டதால் எடை கூடுதலாகத் தெரிந்தது என்றது. அவற்றை நீக்கிவிட்டால் கொள்கை உடையவில்லை. எனினும் எதிர்பார்த்ததைப் போல் சுமார் இரு மடங்கு மண்டலங்கள் எஞ்சுகின்றன. ஆதிகாலத்தில் விண்மீன்கள் எப்படி இத்தனை விரைவாக உருவாயின என்னும் கேள்வி இன்னும் நிற்கிறது.

கி.பி. 964-இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் முஸ்லிம் வானியலார், இன்று ஆண்ட்ரோமீடா எனப்படும் மண்டலத்தைச் சிறு மேகம் என்று தம் நூலில் குறித்தார். கண்டதை மட்டும் எழுதினார், காணாததைச் சேர்க்கவில்லை. அது நம் மண்டலத்துக்கு அப்பாற்பட்ட தனி மண்டலம் என்று உறுதியாக 1920-கள் வரை ஆயிற்று. அறிவு அவ்வாறு பொறுமையாகவே வளர்கிறது.

பெற்றோர்களே! மனிதர் போடும் கணக்கு திருத்தப்படும். அதுவே அதன் இயல்பு. அதன்மீது திருமறையைக் கட்டிவைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், கணக்கு மாறும் நாளில் பிள்ளையின் ஈமானும் ஆட்டங்காணும். அந்தப் பொறுப்பு யாரைச் சேரும்? செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி நமக்குக் கட்டளை உண்டு. வானத்துச் செய்திக்கும் அது பொருந்தும். நம் மார்க்கத்துக்குப் பொய்யின் துணை தேவையில்லை.

வானங்களைப் படைத்தவன் நமக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மைக்குப் பணியும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.