வாடகை வசூல்

என் தமக்கையின் மகன் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் போதிக்கிறான். போன மாதம் வந்திருந்தவன், கொடுத்த காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல், "மாமா, விளையாட வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது சரியா, தப்பா?" என்று கேட்டான். பல்லாங்குழியில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தானே நாம், இதில் தப்பென்ன என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். எம்.ஏ. வகுப்பு, நிலமும் வாடகையும் பற்றிய பாடம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நம் வீடுகளில் 'பிஸினஸ்' என்று குழந்தைகள் ஆடுகிறார்களே, அந்த அட்டைகளை விரித்து மாணவர்களை ஐந்தைந்து பேராக உட்கார வைத்திருக்கிறான். பகடை உருண்டது. வகுப்பு கலகலத்தது. முதன் முதலில் எல்லாப் பணத்தையும் இழந்து எழுந்த பையன், மணி அடித்த பிறகு தனியாக வந்து, "சார், இதைத்தான் நான் மாசா மாசம் ஒண்ணாம் தேதி வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறேன். இங்கேயுமா?" என்று கேட்டானாம். கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம்.

இந்த ஆட்டத்தின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. எலிஸபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் இதற்கு மூலமான ஆட்டத்துக்குப் பதிவுரிமை பெற்றாள். சுருக்கெழுத்து வேலை செய்தவள். 'நிலத்தின் மதிப்பு ஊரால் உண்டாவது, அதன் பலன் ஊருக்கே சேர வேண்டும்' என்று சொன்ன ஹென்றி ஜார்ஜின் கொள்கையில் தீவிரமான பற்று அவளுக்கு. நிலக்காரன் கொழுப்பதையும் குடியிருப்பவன் மெலிவதையும் ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் ஆட்டத்தைச் செய்தாள். பின்னால் அதற்கு இரண்டு வகை விதிகள் ஏற்பட்டன. ஒன்றில் எல்லாவற்றையும் ஒருவன் விழுங்கி மற்றவர்களைத் தெருவில் நிறுத்த வேண்டும். மற்றதில் வாடகை பொதுப் பணத்தில் சேரும். எல்லாரிலும் ஏழையாக இருப்பவனுடைய தொகை இரட்டித்தால் ஆட்டம் ஜயம்!

பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் பொருளாதார ஆசிரியராக இருந்த ஸ்காட் நியரிங் அதைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர்கள் தாங்களே அட்டை வரைந்து ஆடினார்கள். ஆக, வகுப்பறைக்குள் இந்த ஆட்டம் புகுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. (நியரிங்குக்கு 1915-இல் வேலை போயிற்று. ஆட்டத்துக்காகப் போகவில்லை, குழந்தைகளை வேலை வாங்குவதைக் கண்டித்துப் பேசியதுதான் காரணம் என்பார்கள்.) கடைசியில் 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 'மொனாப்பலி' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டு வந்தது. மாகிக்கு அவளுடைய உரிமைக்காகக் கிடைத்தது 500 டாலர். உலகம் விரும்பி வாங்கியதோ, எல்லாவற்றையும் விழுங்குகிற விதியை. ஏழை பிழைத்தால் ஜயம் என்ற விதி எங்கோ மூலையில் கிடந்து மறந்து போயிற்று.

மருந்தென்று கொடுத்ததை ருசிக்காகச் சாப்பிட்டார்கள் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த ருசியில்தான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையில் மனோதத்துவம் ஆராய்ந்த பால் பிஃப் என்பவர் தாம் செய்த சோதனை ஒன்றை 2013-இல் ஒரு சொற்பொழிவில் விவரித்தார். இருவர் ஆட வேண்டும். நாணயத்தைச் சுண்டி ஒருவனைப் பணக்காரனாக்குவார்கள். அவனுக்கு இரட்டிப்புப் பணம், இரண்டு பகடை. மற்றவனுக்கு ஒரே பகடை. போகப் போகப் பணக்காரனின் குரல் உயர்ந்ததாம், காயை ஓங்கித் தட்டி நகர்த்தினானாம், பக்கத்தில் வைத்திருந்த தின்பண்டத்தைக்கூட அதிகமாகத் தின்றானாம். முடிந்த பிறகு எப்படி ஜயித்தாய் என்று கேட்டால், தன் சாமர்த்தியத்தை விவரித்தானே தவிர, சுண்டிய நாணயத்தை நினைக்கவே இல்லை.

நம்முடைய பரமபதத்திலும் பகடைதான் ஏணியில் ஏற்றுகிறது; அதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதில் ஒரு நாகரிகம் உண்டு. என்னைப் பாம்பு விழுங்கினால் அடுத்தவன் மடியில் காசு விழுவதில்லை. மாகியின் ஆட்டத்தில் என் சறுக்கலே உனக்கு ஏணி.

பிரசங்கம் செய்யும் ஆசிரியர் எல்லாரையும் ஒரே மாதிரி தூங்க வைக்கிறார். அதில் சமத்துவம் இருக்கிறது! ஆட்டமோ ஆளுக்கு ஆள் வேறு பாடம் சொல்கிறது. சொந்த வீட்டுப் பையனுக்கு, வாடகை கொடுக்க முடியாதவனின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிகிறது. நல்ல பாடந்தான். ஆனால் அந்த முகத்தை யார் கொடுத்தது? அது ஏற்கனவே தெரிந்தவனுக்கு அன்று புதிதாகக் கிடைத்தது என்ன? ஒருவன் படிப்பதற்கு இன்னொருவன் பாடப் புத்தகமாகிவிட்டான், அவனை ஒரு வார்த்தை கேட்காமலே. அரசியல் மேடையில் இதைச் செய்தால் நாம் கோபித்துக்கொள்வோம். வகுப்பில் செய்தால் புது முறை என்கிறோம்.

"அப்படியானால் அடுத்த தடவை அவனையே பணக்காரனாக்கி விட்டால்?" என்றான் மருமகன்.

பதில் சொல்வதற்கு முன் அட்டையை எடுத்து வா என்றேன். அவன் பையிலேயே இருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் ஆடினோம். டில்லி எனக்கு வாய்த்தது. அதில் வீடுகளைக் கட்டினேன். என் மனைவி மூன்று முறை அங்கே வந்து மாட்டிக்கொண்டாள். மூன்றாம் முறை, "அடுத்த சுற்றில் தருகிறேனே" என்றாள். "விதியென்றால் விதிதான்" என்று நான் சொன்ன குரல் எனக்கே எங்கோ கேட்ட குரலாக இருந்தது.

திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்த நாட்களில், எங்கள் வீட்டுக்காரர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணுவார். இரண்டு நாள் தவணை கேட்டபோது அவர் சொன்ன வார்த்தை அது. பல வருஷம் அவரை மனசுக்குள் வைதிருக்கிறேன். இப்போது குனிந்து பார்த்தால், காகித நோட்டுகளைப் பிடித்திருந்த என் விரல் நுனி ஈரமாக இருந்தது.

அதை மருமகனிடம் சொன்னேன். மனைவி சிரித்துவிட்டாள். அவன் வெகு நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்தப் பையனைப் பணக்காரனாக்கினால் இதுதான் அவனுக்குக் கிடைக்குமா, மாமா?"

"இதுவும் கிடைக்கும். எனக்கு இந்த வயதில் கிடைத்தது."

"அவனைக் கூப்பிட்டு, ஆட்டத்துக்கு வேறு விதி நீயே எழுது என்று சொல்லலாமென்று பார்க்கிறேன்."

"எழுத மாட்டேன் என்றால்?"

"அப்போது வகுப்பில் அட்டையை விரிக்க மாட்டேன்" என்று சொல்லி, சிதறிக் கிடந்த நோட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். என் பங்கையும் அவனிடம் கொடுத்தேன். ஒரு பத்து ரூபாய் நோட்டு மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.