முதலில் நீதிபதி படித்தார்

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டிருந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பு பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்ற பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை வந்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

உளவியல் ஆலோசனை படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் ஏது? மனச்சோர்வின் அறிகுறிகளைப் புத்தகம் சொல்லித் தந்துவிடும். ‘கணவர் / மனைவி பெயர்’ என்று கேட்கும் படிவத்தை நீட்டியதுமே எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவதை அது சொல்லாது. “நல்ல பையன்தான் டாக்டர், இது ஒண்ணுதான் சரியில்ல” என்று மகனுக்கும் சேர்த்துப் பேசும் அப்பாவை, மரியாதை குறையாமல் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். (அந்தத் தைரியம் வகுப்பறையில் வராது.) மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்து செய்துதான் கைவரும்.

பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநலச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர்களே, உங்களை மேற்பார்வையிடப் போகிறவருக்கு தன்பாலீர்ப்பு கொண்டவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.