எர்த்து விட்ட இருதயம்



1962 முதல் நிலக்கரியை எரித்து நாட்டுக்கு மின்சாரம் தரும் ஊர் நம்முடையது. அந்த மின்சாரமே இன்று நமக்கு ஒரு பாடம் சொல்லட்டும்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், ஆட்டோமாட்டிக் கியருள்ள பழைய கார் ஒன்றை வீட்டிலேயே செப்பனிட்டார். அந்தக் கியர்ப் பெட்டியில் ஒரு தூசி வால்வில் சிக்கினாலும் கியர் மாறாது. ஆகவே பிரித்துக் கழுவி, புது எண்ணெய் வார்த்தார். கார் ஓடிற்று. ஆனால் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டது. கேபிளை மாற்றினார், புதியதும் கருகிற்று.

காரணம் என்ன? இஞ்சினிலிருந்து மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப, காரின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் தடித்த எர்த்துப் பட்டை உண்டு. அதன் முனையில் துரு! நேர்வழி அடைபடவே, மின்சாரம் மெல்லிய கேபிள் வழியாகப் பாய்ந்தது. குற்றம் ஓரிடம், சூடு வேறிடம்.

வேலைத்தலத்தில் பட்ட அவமானத்தை மனைவி மக்கள்மேல் கொட்டுகிறோமே, அதுவும் இப்படித்தான். சென்ற வாரம் நானே, வேறொருவர் மேலிருந்த கோபத்தை நம் உபதேசியார்மேல் காட்டினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கோபத்துக்குக் காரணமானவரிடம் இன்னும் போகவில்லை. நாளை போவேன்.

நீங்களும் இன்றிரவு ஆத்தும சோதனை செய்யுங்கள். துரு எங்கே என்று பார்த்து, தாழ்ச்சியோடு அதைச் சுரண்டுங்கள். யாரோடு மனத்தாங்கலோ, அவரிடமே போய்ச் சமாதானமாகுங்கள். ஆமென்.