மணியின் கயிறு

மனுநீதிச் சோழன் கதையைக் கேளாதவர் நம்மில் இல்லை. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். தன் மகனையே தேர்க்காலில் இட்டான். மகனைக் கொன்ற அந்த நீதியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும் அந்த இடத்தில்தான் கண் கலங்குவார். ஆனால் சில மாதங்களாக என் மனம் அந்த இளவரசனை விட்டுவிட்டு, மணியில் கட்டியிருந்த கயிற்றையே நினைத்துக் கொண்டிருக்கிறது. அது எவ்வளவு தாழத் தொங்கியிருக்க வேண்டும்! பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அதைக் கட்டிவிட்ட சேவகன் யாரோ? அவன் பெயரை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

என்னை இப்படி நினைக்க வைத்தது எங்கள் ஊர் அக்கா ஒருவருக்கு நேர்ந்த கதை.

ராமேசுவரம் போகிற வழியில் உச்சிப்புளியில் இறங்கித் தெற்கே திரும்பினால், மன்னார் வளைகுடாவின் கரையில் புதுமடம். அந்த அக்கா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையிலும் பவளத்திலும் ஒட்டிக் கிடக்கும் பாசியைப் பறித்துப் பறித்து, கை ரேகை தேய்ந்தே போய்விட்டது. ஒரே மகன். கடல் வேண்டாமென்று பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். முப்பத்தோரு வயதில், ஒருநாள் வேலை நடக்கும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் மேஸ்திரி. எழுதிக் கொள்கிறவர்கள் கேட்ட அவசரத்தில், மேஸ்திரி தம் பெயரைச் சொன்னாரோ, அவர்களே எழுதிக் கொண்டார்களோ, தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேஸ்திரியின் பெயர் விழுந்துவிட்டது.

மகன் பாங்கியில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தான். அதைக் கேட்டால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றார்கள்; சான்றிதழைக் கொடுத்தால், "இது உங்கள் மகன்தானா?" என்றார்கள்.

"பெத்தவளைப் பார்த்துக் கேக்குற கேள்வியா தம்பி இது?" என்று அக்கா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

நான் எழுதுகிறவன். காகித சமாசாரம் என்றால் என்னிடம் வருவது ஊர் வழக்கம். அந்த மாநகராட்சியின் இணையதளத்தைத் திறந்தேன். அழகான தளம். பிழை திருத்தம் என்று ஒரு பகுதியும் இருந்தது. விவரங்களை எல்லாம் நிரப்பினேன். கடைசியில், "பதிவு செய்யப்பட்ட கைப்பேசிக்கு ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது, இரண்டு நிமிடத்துக்குள் உள்ளிடவும்" என்றது.

பதிவு செய்யப்பட்ட கைப்பேசி இறந்தவனுடையது.

அக்கா என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "என்ன தம்பி கேக்குது?" என்றார். மகனிடம் அனுமதி கேட்கிறது என்று எப்படிச் சொல்வேன்? "நெட்டு சரியில்லை அக்கா" என்றேன். இரண்டு நிமிடம் கழிந்தது. திரை பழையபடி முதல் பக்கத்துக்குப் போய் எங்களை வரவேற்றது.

பிறகு பட்டணத்துக்கே போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் கெட்டவர் அல்லர். அக்காவை உட்காரச் சொன்னார். "எல்லாம் ஆன்லைனில்தான் அம்மா. எங்கள் கையில் எதுவும் இல்லை" என்றார். காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறேன்.

அப்புறம் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் அதே மாநகராட்சியில் இணையதளத்துக்கும் மின்னணுச் சேவைகளுக்கும் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். குடும்ப அட்டையையும் மற்றக் காகிதங்களையும் சரிபார்த்து, மறுநாள் மாலைக்குள் பதிவாளர் திருத்திக் கொடுத்துவிட்டார். அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்ததற்குப் பெயர் சிபாரிசு. எந்த சிபாரிசை ஒழிப்பதற்காக அந்த இயந்திரத்தை வைத்தார்களோ, அதே சிபாரிசைக் கொண்டுதான் அந்த இயந்திரத்தைத் தாண்டினேன். மகனை இழந்த ஒரு தாய்க்காகச் செய்தது தவறாகுமா? சரியென்றால், என்னைத் தெரியாத தாய் என்ன செய்வாள்?

நண்பரை நேரில் கண்டபோது இதைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"ஒன்றை மறந்துவிடாதே," என்றார். "நம் அப்பா காலத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைந்தார்கள்? எத்தனை பேருக்குக் கை நனைத்தார்கள்? இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி எடுத்துக் கொள்கிறார்கள். குமாஸ்தாவுக்கு உன் ஜாதி தெரிய வேண்டாம். உன் சட்டை அழுக்கா வெளுப்பா என்று தெரிய வேண்டாம். இது சின்ன விஷயமா?"

சின்ன விஷயம் அல்ல. பழைய ஜன்னலை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்த ஜன்னலின் முன்னால் கைகட்டி நிற்காதவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே இரக்கமும் இருந்தது, லஞ்சமும் இருந்தது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன. இரங்குவதற்கு அதிகாரம் உள்ளவனுக்கு இரங்க மறுப்பதற்கும் அதிகாரம் உண்டு; மறுப்பதில்தான் காசு. இயந்திரம் காசை ஒழித்தது. அதோடு இரக்கமும் போயிற்று.

"சரி, விதிவிலக்குக்கு ஒரு கதவு வைத்தால் என்ன?" என்றேன்.

"வைத்தால் மறுநாளே அதன் வாசலில் புரோக்கர் நிற்பான்," என்றார் நண்பர்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மையா? 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பதினைந்தாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் பிழை இருப்பதாகத் தெரிந்தால், பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும் என்கிறது அது. எனக்கு அந்த 'ஓரம்' என்ற சொல் மிகவும் பிடித்திருக்கிறது. மனிதன் தவறுவான் என்று சட்டம் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்தார்கள். அதில் எழுதுகிறவன் தன் பெயரையும் போட வேண்டும் என்றார்கள். நான் பார்த்த திரையில் ஓரம் இல்லை. பெயர் போட்டுக் கொள்ள ஆளும் இல்லை. யாருமே தவறு செய்யவில்லை. ஆனாலும் ஒருத்திக்கு அநியாயம் நடந்துவிட்டது.

இது எங்கள் ஊர் அக்காவின் குறை மட்டுமல்ல. 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்கு, பதினெட்டிலிருந்து நாற்பத்து நான்கு வயதுள்ளவர்கள் முதலில் கோவின் தளத்தில் பதிந்தாக வேண்டும் என்று வைத்தார்கள். கைப்பேசியும் இணையமும் இல்லாத கிராமத்து மனிதன் என்ன செய்வான் என்று அந்த மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே கேட்க நேர்ந்தது. பிறகுதான் நேரில் வருகிறவர்களுக்கும் வழி நன்றாகத் திறந்தது. பணத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லாத அமெரிக்காவில், 2013 அக்டோபர் முதல் தேதி மருத்துவக் காப்பீட்டுக்காகத் திறந்த அரசாங்கத் தளம் அன்றே படுத்துவிட்டது. இங்கிலாந்தில் 2011இல் இதற்கென்றே ஒரு துறை ஏற்படுத்தியவர்கள், சாதாரண மனிதர்களைக் கணினி முன் உட்கார வைத்து, எங்கே திகைக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தார்கள். தாமாகச் செய்து கொள்ள முடியாதவர்களுக்கு ஆள் வைத்து உதவுவதும் சேவையின் பகுதியே என்று விதி செய்தார்கள்.

நம்மவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கின்றன. யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்பது ரகசியமல்ல; கல்லில் வெட்டியாயிற்று. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்பதும் அதே கல்லில் இருக்கிறது. எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பது ஒன்று. எல்லாருக்கும் எட்டும்படி வைப்பது வேறொன்று.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "கதவு வை. ஆனால் அது இருக்கிறதென்று முதல் பக்கத்திலேயே எழுதி வை. அங்கே உட்காருகிறவர் பெயரைப் போடு. இத்தனை நாளில் பதில், மறுத்தால் இன்ன காரணம் என்று எழுத்தில் கொடுக்கச் சொல். தெரிந்தவனுக்கு மட்டும் திறந்தால் அது சிபாரிசு. எல்லாருக்கும் தெரிந்த கதவில் புரோக்கருக்கு என்ன வேலை?" அதிகாரிகளின் பெயரையும் கடமைகளையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே சொல்கிறது. நான் கேட்டது சலுகை அல்ல.

நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை பேர் சான்றிதழ் எடுத்தார்கள் என்று தினமும் எனக்குக் கணக்கு வருகிறது. பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை," என்றார். அவர் குரலில் சமாதானம் சொல்லும் தொனி இல்லை. ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தார்: வாரம் ஒருநாள் தாமே ஒரு வார்டு அலுவலகத்தில் போய் உட்காருகிறாராம். கதவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. யோசிக்கிறார் போலும்.

என் கணக்கு இன்னும் தீரவில்லை. பாங்கியில் பணம் வந்த மறுநாள் விடியற்காலை, அக்கா ஓலைக்கூடை ஒன்றில் நண்டு கொண்டு வந்து வைத்தார்.

"இது எதுக்கு அக்கா?" என்றேன்.

"சும்மா வச்சுக்கங்க தம்பி. நீங்க இல்லேன்னா நடந்திருக்குமா?"

அவருக்குரிய காகிதம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு எனக்கு எதற்கு நண்டு? திருப்பிக் கொடுத்தால் அந்த மனம் நோகும். வாங்கிக் கொண்டால், பழைய ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வாங்கிக் கொண்டேன். மத்தியானம் வீட்டில் நண்டுக் குழம்பு. ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.